சேர்வராயன் சாயலில் ஒரு மெய்நிகர்ப் பூங்கா: செகண்ட் லைஃபுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

செகண்ட் லைஃப் என்னும் இணைய மெய்நிகர் உலகத்தை அமெரிக்காவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003ஆம் ஆண்டு ஜூன் மாதம் பொதுமக்களுக்குத் திறந்தது. அங்கே காணப்படும் வீடுகள், கடைகள், தோட்டங்கள் ஆகியவற்றில் மிகப் பெரும்பாலானவை அதன் பயனர்களே கட்டியவை. கணக்குத் தொடங்கவோ, ஓர் அவதாரை உருவாக்கிக்கொண்டு சுற்றிவரவோ கட்டணம் இல்லை. நிலம் வைத்துக்கொள்வதற்குத்தான் பணம் வேண்டும். சேலத்திலோ ஏற்காட்டிலோ இருந்துகொண்டு, நம் சேர்வராயன் மலையின் சாயலில் எவரும் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகக்கூடிய ஒரு பொதுப் பூங்காவை அங்கே அமைக்க விரும்பும் புதியவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. அவதாரை நடக்க வைக்கவும், ஒரு பொருளைத் தரையில் வைத்து நகர்த்தவும் நீங்கள் ஏற்கெனவே கற்றிருக்கிறீர்கள் என்று கொள்கிறேன். வியூவர் மென்பொருளின் பட்டியல்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் அப்பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புதிதாகக் கட்டுபவர்கள் பெரும்பாலும் பறந்தபடியே கட்டுகிறார்கள். மேலிருந்து பார்க்கையில் ஒழுங்காகத் தெரியும் மரவரிசையும் பூப்பாத்தியும் கீழே நடந்து வருபவருக்கு வெறும் நெரிசலாகவோ வெறும் வெளியாகவோ தெரிகின்றன. பூங்காவுக்கு வருபவர் நடப்பதற்கும் உட்காருவதற்கும் வருகிறார். ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் அவதாரைத் தரையில் இறக்கி நடக்கவிட்டுப் பார்த்த பிறகே அடுத்த கட்டத்துக்குச் செல்ல வேண்டும் என்பதை இக்கட்டுரை முழுவதற்குமான விதியாகக் கொள்ளுங்கள்.

எந்த நிலம், எவ்வளவு நிலம்

செகண்ட் லைஃபில் நிலம் ரீஜன் என்னும் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு ரீஜன் 256 மீட்டர் நீளமும் 256 மீட்டர் அகலமும் உடையது. அதாவது 65,536 சதுர மீட்டர். அதற்குள் தனித்தனி உரிமையாளர்களின் மனைகள் பார்சல் எனப்படுகின்றன. நிறுவனமே நிருவகிக்கும் பெருநிலப்பரப்பில் பார்சல் வாங்குவதற்கு பிரீமியம் உறுப்பினராக வேண்டும். அந்த உறுப்பினர் கட்டணத்துக்குள்ளேயே 1,024 சதுர மீட்டர் வரை வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேற்பட்ட பரப்புக்குத் தனி மாதக் கட்டணம் உண்டு. தனியார் எஸ்டேட்களில் இலவசக் கணக்கு வைத்திருப்பவர்களும் வாடகைக்கு இடம் எடுக்கலாம்.

பரப்பைவிட முக்கியமானது அந்த நிலம் தாங்கக்கூடிய பொருள்களின் அளவு. வியூவரில் லேண்ட் இம்பாக்ட் என்று காட்டப்படும் இதை இங்கே நிலச்சுமை என்று குறிப்பிடுகிறேன். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சுமை எண் உண்டு. எல்லாவற்றின் கூட்டுத்தொகையும் பார்சலின் தாங்குதிறனைத் தாண்டக் கூடாது. பெருநிலப்பரப்பில் ஒரு முழு ரீஜனின் தாங்குதிறன் பொதுவாக 22,500 ஆகும். அந்த விகிதப்படி 1,024 சதுர மீட்டருக்கு 351 கிடைக்கும். 64 மீட்டருக்கு 64 மீட்டராக உள்ள 4,096 சதுர மீட்டருக்கு 1,406 கிடைக்கும். ஹோம்ஸ்டெட் எனப்படும் தனியார் ரீஜன் வகையோ முழு 65,536 சதுர மீட்டரையும் கொண்டிருந்தாலும் 5,000 சுமையை மட்டுமே தாங்கும். ஒரே நேரத்தில் அதில் 20 பேரளவே நுழையவும் முடியும். பரந்த ஏரியும் தூரத்துக் கரையும் வேண்டுமென்றால் ஹோம்ஸ்டெட் பொருந்தும். பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் பேசும் நெருக்கமான பூங்காவுக்கு 4,096 சதுர மீட்டரே போதும் என்பது என் கருத்து. இனி வரும் கணக்குகள் எல்லாம் அந்த அளவை வைத்தே சொல்லப்படுகின்றன.

வாங்குவதற்கு முன் அந்த இடத்துக்கு நேரில் சென்று மூன்று செய்திகளைப் பாருங்கள். முதலாவது ரீஜனின் தரநிலை: ஜெனரல், மாடரேட், அடல்ட் என்று மூன்று தரங்கள் உள்ளன. பதினாறு, பதினேழு வயதுடைய பயனர்கள் ஜெனரல் ரீஜன்களுக்கு மட்டுமே வர முடியும் என்பதால், கல்லூரியில் சேரும் வயதுப் பிள்ளைகளும் வர வேண்டிய பொதுப் பூங்காவுக்கு ஜெனரல் தரமே தகும். இரண்டாவது சுற்றுப்புறம்: நிறுவனம் பராமரிக்கும் சாலையோ, யாரும் கட்ட முடியாத பாதுகாக்கப்பட்ட நீர்ப்பரப்போ ஒரு பக்கமாவது இருந்தால், நாளைக்கே பக்கத்து மனைக்காரர் ஒரு கோபுரத்தை எழுப்பிக் காட்சியைக் கெடுக்கும் அபாயம் குறைகிறது. மூன்றாவது நிலத்தின் உயரம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

உயரமும் நீரும்

ஒரு ரீஜனின் நீர்மட்டம் இயல்பாக 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த மட்டத்துக்குக் கீழே நிலத்தை எங்கே தாழ்த்தினாலும் அங்கே தானாகவே தண்ணீர் தெரியும். ஆனால் பெருநிலப்பரப்பில் நிலத்தை அதன் மூல உயரத்திலிருந்து பொதுவாக 4 மீட்டர் வரை மட்டுமே உயர்த்தவோ தாழ்த்தவோ முடியும். மனையின் தரை 22 அல்லது 23 மீட்டரில் இருந்தால் ஒரு மீட்டர் ஆழத்துக்காவது நீர் நிற்கும் ஏரியை எளிதாக வெட்டலாம். 30 மீட்டரில் இருந்தால் எவ்வளவு தோண்டினாலும் நீர் வராது. வியூவரின் மேற்பட்டையில் காட்டப்படும் மூன்று ஆய எண்களில் கடைசி எண் உங்கள் அவதாரின் உயரம். அதிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டரைக் கழித்தால் தரையின் உயரம் கிடைக்கும். மனை பார்க்கப் போகும்போது இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டை அறிந்தவர்கள் இங்கே ஒரு சிக்கலைச் சந்திப்பார்கள். ஏரி நிரம்பி வழியும் உபரி நீரே கிளியூர் அருவிக்குச் செல்கிறது. ஆகவே ஏரி மேலேயும் அருவி அதற்குக் கீழேயும் இருப்பதுதான் நம் மலையின் முறை. மெய்நிகர் உலகிலோ இயற்கையான நீர் முழுவதும் 20 மீட்டர் என்ற ஒரே மட்டத்தில் இருப்பதால், ஏரிக்குக் கீழே அருவியை விழச்செய்ய இடம் இல்லை. ஏரியை மேலே வைத்தே தீர வேண்டுமானால் அதை நீர்போல் தோன்றும் ஒரு தகட்டுப் பொருளாகச் செய்துவைக்க வேண்டும். அதில் அலையும் வான் பிரதிபலிப்பும் இயற்கை நீரில் உள்ளதுபோல் அமைவதில்லை. என் பரிந்துரை இது: ஏரியை உண்மையான நீர்மட்டத்தில் வெட்டிக்கொண்டு, அருவியை ஒரு சிறு பாறைமேட்டிலிருந்து அந்த ஏரிக்குள்ளேயே விழும்படி அமைத்துவிடுங்கள். ஊர்க்காரர் ஒருவர் வந்து தலைகீழாக இருக்கிறதே என்று முணுமுணுக்கக்கூடும். ஆனால் கரையில் உட்காருபவருக்கு நல்ல நீரும் அருவியும் ஒருசேரக் கிடைக்கும்.

அருவியின் நீரோட்டத்தை ஒரு மெல்லிய வளைதகட்டின் மேல் டெக்ஸ்சரை (பொருளின் மேற்பரப்பில் ஒட்டும் படத்தை) நகரச் செய்வதன் மூலம் காட்டலாம். இந்த நகர்வும், சாரலுக்காகச் சேர்க்கும் துகள் விளைவும் பார்ப்பவரின் கணினியிலேயே நிகழ்வதால் ரீஜனின் சர்வருக்கு அவற்றால் பெரிய சுமை இல்லை. ஆனால் அருவியின் இரைச்சலை மனைக்குள் மட்டும் கேட்கும்படி சவுண்ட் அமைப்பில் கட்டுப்படுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து மனைக்காரர் இரவும் பகலும் அதைக் கேட்க நேரும்.

நிலத்தை வடிக்கும்போது தரையின் புள்ளிகள் ஒரு மீட்டருக்கு ஒன்று என்ற இடைவெளியில்தான் உள்ளன என்பதை நினைவில் வையுங்கள். அதனால் நுட்பமான கரையோ, கூர்மையான படிக்கட்டோ, ஒழுங்கான பாதை ஓரமோ மண்ணில் அமையாது. மண்ணை மேடு, பள்ளம், சரிவு ஆகியவற்றுக்கு மட்டும் பயன்படுத்தி, விளிம்புகளைப் பாறைகளாலும் புதர்களாலும் மறையுங்கள். ரெய்ஸ், லோவர் ஆகிய கருவிகளால் வடிவத்தைக் கொண்டுவந்தபின் ஸ்மூத் கருவியை மென்மையாக ஓரிரு முறை செலுத்தினால் போதும். அளவுக்கு மீறினால் மலை கரைந்து வயல்வெளியாகிவிடும்.

பாதை

பூங்காவின் உயிர் பாதையில் இருக்கிறது. அவதார் நொடிக்கு ஏறக்குறைய 3.2 மீட்டர் வேகத்தில் நடக்கிறது. எனவே 64 மீட்டர் அகலமுள்ள மனையை அது இருபது நொடிகளில் கடந்துவிடும். வாயிலிலிருந்து எதிர்க்கரைக்கு நேர்ப்பாதை போட்டால் வந்தவர் இருபது நொடிகளில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடுவார். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துப் பாருங்கள்: ஒவ்வொரு வளைவிலும் முன்பு பார்த்த பக்கம் மறைந்து வேறொரு பக்கம் திறக்கிறது. அந்தச் சாலை சரிவைச் சமாளிக்க வளைகிறது. நம் பாதை காட்சியைப் பகுத்துத் தருவதற்காக வளைய வேண்டும். ஓரங்களில் ஆறு மீட்டர் விட்டு, ஏரிக்கும் இடம் ஒதுக்கிய பின்னரும், இதே மனையில் 200 மீட்டர் நீளமுள்ள பாதையை மடித்து மடித்துப் போட முடியும். அதை நடந்து முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேலாகும். இடையில் மூன்று நான்கு இடங்களில் நின்று உட்கார்ந்தால் அந்தச் சிறு மனையே ஒரு மலைச்சரிவாக உணரப்படும்.

பாதை வளைந்தால் மட்டும் போதாது. ஒரு மடிப்பிலிருந்து அடுத்த மடிப்பு தெரியாமலும் இருக்க வேண்டும். அதற்கு இரண்டு மடிப்புகளுக்கு இடையே ஒரு மீட்டரோ இரண்டு மீட்டரோ உயர வேறுபாடு வைத்து, நடுவில் காப்பிச் செடிகளின் உயரத்துக்குப் புதர்வரிசை அமைத்தால் போதும். மதில் கட்டாதீர்கள். செகண்ட் லைஃபின் கேமரா அவதாரின் தலைக்குப் பின்னாலும் சற்று மேலேயும் இருப்பதால், குறைந்த உயரமுள்ள மதிலின் மறுபக்கம் எப்படியும் தெரிந்துவிடும். உயர்ந்த மதிலோ கேமராவை இடித்துத் தலைசுற்ற வைக்கும். இதே காரணத்தால்தான் பாதையின் அகலமும் நிஜ உலக அளவைவிடக் கூடுதலாக, மூன்று முதல் நான்கு மீட்டர் வரை இருக்க வேண்டும். மண்டபம் கட்டினால் அதன் கூரையும் நிஜத்தில் உள்ளதைப்போல் ஒன்றரை மடங்கு உயரத்தில் இருக்கட்டும்.

படிக்கட்டு அமைக்கும் இடங்களில் படிகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு சாய்தளத்தைப் பதித்துவிடுங்கள். அவதார் படிகளில் தட்டித்தட்டி ஏறுவதற்குப் பதிலாகச் சீராக ஏறிச்செல்லும்.

சுமைப் பங்கீடு

மரம் வாங்கத் தொடங்குவதற்கு முன்பே 1,406 சுமையை ஒரு தாளில் பங்கிட்டுவிடுவது நல்லது. மரங்களுக்கு 500, புதர்களுக்கும் பூக்களுக்கும் 200, பாதைக்கும் பாறைகளுக்கும் 150, ஒரு சிறு மண்டபத்துக்கு 100, அருவிக்கும் கரைக்கும் 60, இருக்கைகளுக்கு 60, பலகைகளுக்கு 20 என்று ஒதுக்கினால் 1,090 ஆகும். எஞ்சிய 316 ஐத் தொடாமல் வைத்திருங்கள். கூட்டம் நடக்கும் நாளில் மேடை, கூடுதல் இருக்கைகள், விளக்குகள் ஆகியவற்றுக்கு அது வேண்டும். வருபவர்கள் உடலில் அணிந்து வருபவை உங்கள் நிலச்சுமையில் சேர்வதில்லை.

மரங்களும் செடிகளும்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுவே. செகண்ட் லைஃபின் இணையச் சந்தையில் கிடைக்கும் தென்னையையும் பைன் மரத்தையும் கலந்து நட்டுவிட்டு அதற்கு ஏற்காடு என்று பெயர் வைத்தால் நம்மவர் யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார். சேர்வராயன் மலையின் தோட்டங்களுக்கு ஓர் அமைப்பு இருக்கிறது: மேலே நேராக உயர்ந்த சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் அடிமரத்தைச் சுற்றி ஏறும் மிளகுக் கொடி, அவற்றின் நிழலில் இடுப்பளவு அல்லது ஆளுயரத்துக்குக் காப்பிச் செடிகள், அங்கங்கே ஆரஞ்சு மரங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்த காலம் முதல் வளர்ந்துவந்த இந்த அடுக்குமுறை, மெய்நிகர்ப் பூங்காவுக்கு மிக வசதியானதாகவும் அமைந்திருக்கிறது. உயர்ந்த மெல்லிய மரங்கள் பார்வையை மறைக்காமல் நிழலைத் தருகின்றன. புதர்கள் கண்மட்டத்தில் பாதைகளைப் பிரிக்கின்றன. ஒரே காப்பிச் செடியின் படியை வெவ்வேறு கோணத்தில் திருப்பி நூறு இடங்களில் வைக்கலாம். இப்படி ஒரே பொருளைத் திரும்பப் பயன்படுத்தும்போது அதன் டெக்ஸ்சர் பார்ப்பவரின் கணினியில் ஒரு முறை இறங்கினால் போதும் என்பது கூடுதல் நன்மை.

மெஷ் மரங்களை (வெளியே முப்பரிமாண மென்பொருளில் செய்து ஏற்றப்பட்டவற்றை) வாங்கும்போது ஐந்து செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, நகலெடுக்கும் அனுமதி. நகலெடுக்க முடியாத மரம் தவறி அழிந்தால் போனதுதான். பூங்காவுக்கு நகல் அனுமதியுள்ள மரங்களை மட்டுமே வாங்குங்கள். அவற்றில் மாற்றம் செய்யும் அனுமதியும் இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டு, அளவை மாற்றும்போது சுமை மாறுவது. மெஷ் பொருளைப் பெரிதாக்கினால் அது அதிகத் தூரத்திலிருந்தும் நுணுக்கமாகத் தெரிய வேண்டியிருப்பதால் அதன் நிலச்சுமை கூடும். சுமை மூன்று என்று விற்கப்படும் மரத்தை இரு மடங்கு உயர்த்தினால் சுமை எங்கோ போய் நிற்கலாம். வேண்டிய உயரத்தில் வைத்துப் பார்த்த பிறகே கணக்கில் எழுதுங்கள்.

மூன்று, தொலைவில் மரம் சிதைவது. சுமையைக் குறைப்பதற்காகச் சிலர் தொலைவுக்கான வடிவங்களை மிகவும் சுருக்கிவிடுகிறார்கள். அந்த மரத்திலிருந்து நாற்பது மீட்டர் விலகி நின்றால் அது நாலைந்து முக்கோணங்களாக உடைந்து நிற்கும். வியூவரின் நுணுக்க அமைப்பை உயர்த்தாமல், இயல்பு நிலையிலேயே வைத்து விலகிச் சென்று பாருங்கள். வருபவர்களில் பலர் அந்த நிலையில்தான் பார்ப்பார்கள்.

நான்கு, கண்ணுக்குத் தெரியாத சுவர். இயற்பியல் வடிவம் கான்வெக்ஸ் ஹல் என்று இருந்தால், கிளைகள் முழுவதையும் உள்ளடக்கிய ஒரு பெரிய பொட்டலமாகவே மரத்தை அந்த உலகம் கருதும். நடப்பவர் வெற்று வெளியில் முட்டிக்கொண்டு நிற்பார். இணைக்கப்பட்ட பொருளில் இலைப்பகுதிக்கு நன் என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, அடிமரத்துக்கு மட்டும் திண்மையை வையுங்கள். புதர்களையும் பூக்களையும் முழுவதுமாக ஃபேண்டமாக, அதாவது நடப்பவரைத் தடுக்காத பொருளாக, மாற்றிவிடலாம்.

ஐந்து, இலைகளின் ஒளிபுகு தன்மை. அல்ஃபா பிளெண்டிங் முறையில் உள்ள இரண்டு இலைத்தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தால், எது முன்னால் எது பின்னால் என்று வியூவர் தடுமாறிக் காட்சி துடிக்கும். பின்னால் நீர் இருந்தால் இன்னும் மோசம். மாற்றும் அனுமதி இருந்தால் அதை அல்ஃபா மாஸ்கிங் முறைக்கு மாற்றுங்கள். இலையின் ஓரம் சற்றுக் கூர்மையாகத் தெரியும், துடிப்பு நின்றுவிடும். ஏரிக்கரையில் நடும் எல்லாவற்றுக்கும் இதைச் செய்துவிடுவது நல்லது.

மனையின் எல்லையை ஒட்டிய பின்வரிசைக்கு விலையுயர்ந்த மரம் தேவையில்லை. வியூவரின் லைப்ரரியில் எல்லோருக்கும் இலவசமாகவே கிடைக்கும் லிண்டன் மரங்கள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு சுமை கொண்டவை; காற்றில் அசையவும் செய்யும். அருகில் பார்த்தால் பழைய தோற்றம்தான், ஆனால் தொலைவுப் பசுமைக்கு அவை தாராளமாகப் போதும். கிளைகள் எல்லையைத் தாண்டிப் பக்கத்து மனைக்குள் நீளாதபடி உள்ளே தள்ளி நடுங்கள்.

சொந்தமாக டெக்ஸ்சர் செய்ய விரும்புபவர்களுக்கு சேலத்தில் இருப்பதே ஒரு வசதி. மேக மூட்டமான காலையில் ஏற்காட்டுக்குச் சென்று, காப்பி இலை, சில்வர் ஓக் பட்டை, பாசி படிந்த கல், செம்மண் தடம் ஆகியவற்றை நிழல் விழாமல் நேர்க்கோணத்தில் படமெடுத்துவந்தால், விலைகொடுத்து வாங்குவதைவிட நம் மண்ணுக்கு நெருக்கமான படங்கள் கிடைக்கும். ஏற்றும் படத்தின் நீள அகலங்கள் 256, 512, 1024 என்ற வரிசையில் இருக்கட்டும். 1024 அளவு வரை ஒரு படத்தை ஏற்ற, அந்த உலகின் நாணயமான லிண்டன் டாலரில் 10 ஆகும். ஒளிபுகு பகுதியுள்ள 1024 படம் ஒன்று கணினியின் நினைவகத்தில் சுருக்கமின்றி 4 எம்பி இடத்தைப் பிடிக்கிறது. 512 படமோ 1 எம்பி மட்டுமே. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்து வருபவர்களை நினைத்து, பலகைகளைத் தவிர மற்றெல்லாவற்றையும் 512 அளவிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஏற்றிச் சோதிக்க ஆதிதி என்னும் முன்னோட்டத் தளத்தில் பணம் செலவாகாது.

மூடுபனியும் பொழுதும்

செகண்ட் லைஃபின் இயல்பான ஒரு நாள் நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும்: மூன்று மணி நேரப் பகல், ஒரு மணி நேர இரவு. மனையின் என்விரான்மென்ட் அமைப்பில் இதை மாற்றி, நாளின் நீளத்தை 24 மணி நேரமாக வைத்து, உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னே இருக்கும் நம் நேரத்துக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளலாம். சேலத்தில் விடியும்போது பூங்காவிலும் விடியும்.

மலைக்குரிய மூடுபனியை வான அமைப்பில் ஹேஸ் அடர்த்தியையும் தொலைவுப் பெருக்கியையும் கூட்டிக் கொண்டுவரலாம். அது அழகுக்கு மட்டும் உதவுவதில்லை. பக்கத்து மனைகளின் கட்டடங்களையும் மங்கலாக்கிவிடுகிறது. ஏற்காட்டின் காட்சிமுனையான லேடீஸ் சீட்டிலிருந்து இரவில் தெரியும் சேலம் நகர விளக்குகளைக் காட்ட ஆசைப்பட்டு, எல்லையில் பெரிய படத்தட்டியை நிறுத்துபவர்கள் உண்டு. பக்கத்தார் பார்வையில் அதன் முதுகுதான் தெரியும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. பனிக்குள் மறையும் ஒரு கைப்பிடிச் சுவரும் அதன் முன் ஓர் இருக்கையும் அதைவிட நன்றாகவே அமைகின்றன. ஆனால் வருபவர் தம் வியூவரில் நண்பகல் வெளிச்சத்தைத் தாமாகவே தேர்ந்தெடுத்துக்கொள்ள முடியும் என்பதால், பூங்கா பனியை மட்டுமே நம்பி நிற்கக் கூடாது. நண்பகலிலும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

இருக்கைகள், பலகைகள்

இருக்கைகளை ஒன்றையொன்று பார்த்தபடி, அல்லது இரண்டும் நீரைப் பார்த்தபடி வையுங்கள். பாதையைப் பார்த்து வரிசையாக வைக்கப்பட்ட பெஞ்சுகளில் யாரும் உட்காருவதில்லை. சாதாரண அரட்டை 20 மீட்டர் தொலைவுவரை கேட்கும்; ஆகவே இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் இடைஞ்சலின்றிப் பேச வேண்டுமானால் இருக்கைத் தொகுதிகளை அதற்கு மேற்பட்ட இடைவெளியில் அமைக்க வேண்டும். உட்காரும் இடத்தையும் நிலையையும் குறிக்கும் சிறு ஸ்கிரிப்ட் (பொருளை இயக்கும் நிரல்) போதும்; ஒவ்வொரு நொடியும் சுற்றிலும் யார் இருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டே இருக்கும் ஸ்கிரிப்ட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

தமிழ்ப் பலகைகளை எழுத்தாகத் தட்டாமல் படமாகவே செய்யுங்கள். பொருளின் மேல் மிதக்கும் எழுத்துக்கு 254 பைட் மட்டுமே அனுமதி. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் எடுப்பதாலும், கொம்பும் காலும் தனிக் குறியீடுகளாக எண்ணப்படுவதாலும், இரண்டு வரியிலேயே இடம் தீர்ந்துவிடும். படமாகச் செய்தால் எழுத்துரு எந்தக் கணினியிலும் குலையாது. செடிகளின் பெயர்ப்பலகைகளைத் தரையோடு தாழ்வாக வைத்து, தொட்டால் விளக்கக் குறிப்பு கிடைக்கும்படி அமைக்கலாம். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருப்பதால், ஆர்க்கிட்களுக்கென்று ஒரு மூலையை ஒதுக்குவதும் பொருத்தமே.

சேர்வராயன் கோயிலைப் பூங்காவுக்குள் படியெடுத்து வைப்பதைப் பற்றிச் சிலர் யோசிக்கக்கூடும். வழிபாடு நடக்கும் இடத்தின் உருவத்தை, யார் வேண்டுமானாலும் மேலேறி ஆடக்கூடிய வெளியில் வைக்காமல் இருப்பதே மரியாதை என்று நினைக்கிறேன்.

குழுவும் உரிமைகளும்

பொதுப் பூங்காவை ஒருவர் பெயரில் மட்டும் வைத்திருக்கக் கூடாது. 100 லிண்டன் டாலர் செலவில் ஒரு குழுவைத் தொடங்குங்கள். குறைந்தது இரண்டு உறுப்பினர் இல்லாவிட்டால் குழு கலைந்துவிடும். நிலத்தைக் குழுவுக்கு எழுதிவைத்தால் உறுப்பினர்கள் அளிக்கும் பரப்புக்கு மேல் பத்து விழுக்காடு கூடுதலாகவும் கிடைக்கும். ஆனால் அப்படி எழுதிவைத்த பிறகு, நிலத்தை விற்கும் அதிகாரமுள்ள பொறுப்பில் இருப்பவர் எவரும் அதை விற்றுவிட முடியும் என்பதால், அந்த அதிகாரத்தை உங்களுக்கு நெடுநாள் தெரிந்த ஓரிருவருக்கு மேல் தர வேண்டாம். செடி நடுவதற்கும், குப்பையைத் திருப்பியனுப்புவதற்கும், தொல்லை தருபவரை வெளியேற்றுவதற்கும் தனித்தனிப் பொறுப்புகளை உருவாக்கலாம்.

இனி அபவுட் லேண்ட் சாளரத்தைத் திறந்து ஆப்ஷன்ஸ் பக்கத்தைச் சரிசெய்யுங்கள். பொருள்களை வைக்கும் அனுமதியைக் குழுவுக்கு மட்டும் கொடுங்கள். வெளிப்பொருள்கள் நுழைவதையும் குழுவுக்கு மட்டும் ஆக்குங்கள். ஸ்கிரிப்ட் இயங்கும் அனுமதியை எல்லோருக்கும் திறந்தே வையுங்கள். அதை அடைத்துவிட்டால் வருபவர்களின் நடை அசைவுக் கருவிகள் முதல் எத்தனையோ நின்றுபோய், காரணம் புரியாமல் திரும்பிப் போய்விடுவார்கள். தள்ளிவிடுவதைத் தடுத்து, சேதம் விளையாத பகுதியாக்குங்கள். பறத்தலைத் தடுப்பதா என்பது உங்கள் விருப்பம். பாதையில் உழைத்தவர்களுக்குத் தடுக்கத் தோன்றும். ஆனால் நடக்கத் தெரியாமல் நீருக்குள் விழும் புதியவருக்குப் பறத்தலே மீட்பு என்பதால் நான் அனுமதிப்பேன்.

வெளியார் விட்டுச்சென்ற பொருள்களைத் தானாகத் திருப்பியனுப்பும் ஆட்டோ ரிட்டர்ன் அமைப்பைப் பத்து நிமிடம் போன்ற ஓர் எண்ணில் வையுங்கள். அதை இயக்குவதற்கு முன், பூங்காவில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் உங்கள் குழுவின் பெயரில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குறிக்கப்படாத மரங்களைக் குழு நிலம் அந்நியப் பொருளாகக் கருதி உரிமையாளரிடம் திருப்பியனுப்பிவிடும். கைமாற்றும் அனுமதி இல்லாத பொருள்களைக் குழுவுக்கு எழுதிவைக்க முடியாது; குழுவின் பெயரைக் குறித்தாலே அவை தங்கிவிடும்.

வருபவர் வந்திறங்கும் இடமான லேண்டிங் பாயிண்டை நீங்கள் நின்று குறிக்கும்போது உங்கள் அவதார் பார்த்திருந்த திசையும் அதோடு பதிவாகும். ஆகவே பாதையின் தொடக்கத்தில் நின்று, முதல் வளைவை நோக்கியபடி அதைக் குறியுங்கள். ஏரி அங்கிருந்து தெரியாமல், இரண்டாவது வளைவில்தான் தெரிய வேண்டும்.

திறப்பும் பராமரிப்பும்

தேடலில் பூங்கா இடம்பெற வாரத்துக்கு 30 லிண்டன் டாலர் ஆகும். வகைகளில் பார்க்ஸ் அண்ட் நேச்சர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். திறப்புக்கு முன் நண்பர் ஒருவரைப் புதிய இலவசக் கணக்கில் வரச்செய்து, எதுவும் சொல்லாமல் அவரை நடக்கவிட்டுப் பின்னால் செல்லுங்கள். அவர் எங்கே முட்டுகிறார், எங்கே வழி தெரியாமல் நிற்கிறார், எந்த இருக்கையைக் கடந்துபோகிறார் என்பதைக் குறித்துக்கொண்டு திருத்தினால், மற்ற எந்தச் சோதனையும் தேவைப்படாது.

செகண்ட் லைஃபின் கடிகாரம் அமெரிக்கப் பசிபிக் நேரத்தைக் காட்டுகிறது. குளிர்காலத்தில் நாம் அதற்குப் பதின்மூன்றரை மணி நேரமும், அங்கே கோடைக்கால நேரம் நடைமுறையில் இருக்கும்போது பன்னிரண்டரை மணி நேரமும் முன்னே இருக்கிறோம். சேலத்தில் ஞாயிறு மாலை ஏழு மணிக்குக் கூட்டம் என்றால் அறிவிப்பில் குளிர்காலத்தில் காலை 5.30 என்றும், கோடையில் காலை 6.30 என்றும் குறிக்க வேண்டும். மே மாதத்தில் ஏற்காட்டில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் நாள்களையொட்டி இங்கேயும் மலர்களை மாற்றி நடுவது, ஊரில் இருப்பவர்களையும் வெளிநாடு சென்றவர்களையும் ஒருசேர வரவைக்க நல்ல வாய்ப்பு. அதற்காக ஒதுக்கிவைத்த 316 சுமையைப் பயன்படுத்தி, விழா முடிந்ததும் அந்த மலர்களை எடுத்துவிடுங்கள்.

வாரம் ஒருமுறை அபவுட் லேண்ட் சாளரத்தின் ஆப்ஜெக்ட்ஸ் பக்கத்தில் உரிமையாளர் பட்டியலைப் புதுப்பித்துப் பாருங்கள். தெரியாத பெயரில் ஏதேனும் இருந்தால் அங்கிருந்தே திருப்பியனுப்பலாம். மாதம் ஒருமுறை பாறைகள், மண்டபம், இருக்கைகள் ஆகியவற்றின் நகல்களை இடம் குறித்த பெயர்களோடு இன்வென்டரியில் சேமித்துக்கொள்ளுங்கள். மாத வாடகை கட்ட வேண்டிய நாளைக் குழுவில் இருவராவது தம் கைப்பேசியில் குறித்துவைத்திருக்க வேண்டும்.